சத்தம் போடாத எஞ்சின்

வருங்காலப் பயணிகள் விமானங்களுக்கான ஜெட் எஞ்சின்களைப் பரிசோதித்துச் சான்று வழங்கும் அலுவலகம் அன்று வழக்கத்துக்கு விரோதமாகப் பத்து மணிக்கே திறந்துவிட்டது. புது எஞ்சினைச் செய்த பொறியாளர் எட்டு மணியிலிருந்தே வாசலில் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். பதினொரு வருஷ உழைப்பு. எரிபொருள் பாதிதான் குடிக்கும், சத்தம் அறவே கிடையாது. இன்றைக்குள் கையெழுத்து விழாவிட்டால் திட்டத்தையே ஊற்றி மூடிவிடுவார்கள்.

அதிகாரி வந்தார். விதிப்படி காதுமூடியை மாட்டிக்கொண்டு எஞ்சின் முன்னால் அரைமணி நேரம் நின்றார். பிறகு வெளியே வந்து கழற்றினார்.

"எப்ப சார் ஓட்டப் போறீங்க?"

"இவ்வளவு நேரம் ஓடினதே சார்."

"காதுமூடியையும் மீறிச் சத்தம் கேட்டாத்தான் எஞ்சின் ஓடினதா அர்த்தம். விதி அப்படி."

"காதுமூடியக் கழட்டிட்டுக் கேளுங்களேன்."

"எஞ்சின் ஓடும்போது கழட்டக் கூடாது. அதுவும் விதி."

"கண்ணால பாத்தீங்களே, சுத்துச்சே."

"எங்க ஆபீஸ் மின்விசிறிகூடத்தான் சுத்துது. அதை நம்பி ஆகாசத்துல ஏற முடியுமா?"

விதியை எழுதிய காலத்தில் சத்தம் போடாத எஞ்சின் பிறக்கவில்லை. அதற்கு அதிகாரி என்ன செய்வார், பாவம். அவசரக் குழு கூடியது. மாலைக்குள் மகத்தான தீர்வும் கிடைத்தது. பழைய எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் ஓட்டினார்கள். ஜன்னல்கள் கிடுகிடுத்தன. அதிகாரி முகம் மலர்ந்து கையெழுத்திட்டார். "மேற்படி எஞ்சின், பழைய எஞ்சினுடன் இணைந்து இயங்கும்போது மட்டும் பறக்கத் தகுதியுடையது."

ஆகவே விமானத்தின் இடப்பக்கம் புதுசு, வலப்பக்கம் பழசு. இடது மிச்சம் பிடித்த எரிபொருளை வலது ஒரு சொட்டு விடாமல் குடித்துத் தீர்த்தது. பழமையும் புதுமையும் கைகோத்த சாதனை என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. அவ்வளவுதான், மற்ற கம்பெனிகளும் கிழட்டு எஞ்சின்களைத் தேடி நாயாய் அலைந்தன.

முதல் பயணத்தில் பொறியாளர் மனைவியுடன் ஏறினார். ஒரு மணி நேரத்தில் பழைய எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது. விமானம் ஆடாமல் அசையாமல் பறந்துகொண்டிருந்தது. சத்தம் மட்டும் அறவே இல்லை.

"பயப்பட வேண்டாம், இடப்பக்க எஞ்சின் நன்றாக ஓடுகிறது" என்றார் விமானி. ஒருவரும் நம்பவில்லை.

மனைவி பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். "நீங்க செஞ்சதுதானே ஓடுது? உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?"

பொறியாளர் இருக்கையின் இரண்டு கைப்பிடிகளையும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஓடுதுன்னு நீ எதை வச்சுச் சொல்ற?"