துணி பொய் சொல்லாது

சைக்கிள் ஸ்டாண்டு இல்லாமலே நன்றாக நின்றது, தையல்காரர் கடைக் கதவைப் பிடித்துக்கொண்டிருந்த வரைக்கும். சீட்டில் உட்கார்ந்தால் கால் தரையை எட்டவில்லை. பெடலைக்கூடக் கட்டைவிரல் நுனிதான் தொட்டுத் தொட்டு நலம் விசாரித்தது.

"இறங்குறீங்களா, இல்ல சாப்பாட்டை அங்கேயே கொண்டுவரவா?" என்றாள் மனைவி.

மகள் வேலை பார்க்கும் ஊர் சைக்கிளில் மூன்று நாள் தூரம். "பஸ் எதுக்கு? நானே சைக்கிள் செஞ்சு, அதுலயே வரேன் பாரு!" என்று போனில் வாயை விட்டிருந்தார். மகள் அதை ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கிளம்ப வேண்டும்.

மனைவியும் தீர்ப்பு வழங்கிவிட்டாள். "ஞாயித்துக்கிழமை அது ரோட்டுக்குப் போகணும். இல்லேன்னா வந்த இடத்துக்கே போகணும்."

வந்த இடம் பழைய இரும்புக் கடை. ஃபிரேம் அங்கே எடுத்தது. ஹேண்டில்பார் யாரோ விழுந்து புரண்ட பந்தய சைக்கிளுடையது. பின் கேரியர், கடையில் துணி மாட்டிய கம்பியை அவரே வளைத்தது. சக்கரம், செயின், பிரேக் எல்லாம் புதுசு. எதிலும் குறை சொல்ல முடியாது, உயரத்தைத் தவிர.

"அந்தச் சின்ன ஃபிரேமை எடுங்கன்னு அப்பவே சொன்னேனேண்ணே," என்றார் எதிர்க்கடை சைக்கிள் மெக்கானிக். "அளவு சரியா எடுத்தீங்களா?"

தையல்காரரின் கழுத்தில் கிடந்த டேப் துடித்தது.

"அளவா? என்கிட்டயா? உடம்பை நம்பக் கூடாதுய்யா. டேப்பைக் கண்டா வயித்தை எக்கும். துணி பொய் சொல்லாது. கொடியில காஞ்ச என் பேண்ட்டை மேசையில விரிச்சு உள்கால் நீளம் எடுத்தேன். முப்பத்து நாலு இன்ச்!"

தன் அளவு ஒரு தையல்காரருக்கு மனப்பாடமாகத் தெரியாதா என்று கேட்கலாம். ஊருக்கெல்லாம் தைப்பவருக்குத் தனக்குத் தைக்க நேரமில்லை. ஒன்றுக்கு ஒன்று இலவசம் போடும்போது மனைவி ரெடிமேடாக எடுத்துவந்து, காலை மடித்து அடித்துக் கொடுத்துவிடுவாள். இது வெளியே தெரிந்தால் கடையை மூட வேண்டியதுதான்.

முதலில் சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கினார்கள். பெடல் எட்டியது. ஆனால் நிறுத்தி இறங்கும்போது நடுப் பார் எங்கே இடிக்கக் கூடாதோ அங்கே இடித்தது. அன்று முழுவதும் அவர் நின்றுகொண்டே சட்டைகளுக்குக் காஜா எடுத்தார்.

"சீட்டைப் பழையபடி ஏத்திடுவோம். பெடலை உயர்த்துவோம்," என்று இஸ்திரி மேசையின் காலில் ஒரு துண்டு அறுத்து, பெடல்களில் கட்டையாகக் கட்டினார். முதல் திருப்பத்திலேயே கட்டை ரோட்டில் இடித்து, அவர் ஒரு பக்கம் விழுந்தார், கௌரவம் ஒரு பக்கம் விழுந்தது. கடைக்குத் திரும்பினால், கால் குட்டையான மேசையில் இஸ்திரிப் பெட்டி தானாக நகர்ந்து, வக்கீலின் கோட்டு முதுகில் போய் உட்கார்ந்திருந்தது.

"சின்னச் சக்கரம் போட்டா மொத்தமும் இறங்கும்ல?"

"இறங்கும்ணே. ஆனா பிரேக் கட்டை ரிம்மைத் தொடாதே."

"நான் மெதுவாத்தானே போகப்போறேன்!"

தெருக்கோடிச் சரிவு அப்படி நினைக்கவில்லை. டீச்சரம்மா வீட்டுக் கொடியில் அப்போதுதான் காயப்போட்ட போர்வைதான் அவரைத் தடுத்தாட்கொண்டது. துணி பொய் சொல்லாது. ஈரமாக இருந்தால் அறையும்.

சனிக்கிழமை சாயங்காலம், புதுச் சக்கரங்களையே திரும்ப மாட்டித் துடைத்து வைத்தார். கொடுத்தாலும் முழுசாகக் கொடுக்க வேண்டும் அல்லவா? அதை இரும்புக் கடைக்கு ஏற்றிப்போக, மனைவி தன் தம்பிக்குப் போன் போட்டாள்.

மச்சினன் வேனோடு வந்து இறங்கினான். வீட்டில் அவனுக்குக் 'கொக்கு' என்று பெயர்; வாசல்படியில் குனியாமல் நுழைந்ததில்லை. பேண்ட் கணுக்காலுக்கு மேலே நின்றது. இடுப்பைச் சுருக்கிப் பெல்ட் கட்டியிருந்தான். 'இதுவும் ஒரு ஃபேஷன்!' என்று தையல்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"இதையா மாமா இரும்புக்குப் போடப்போறீங்க? ஒரு ரவுண்டு போயிட்டு வரேன்."

போனான். ஹேண்டில்பாரில் கையே வைக்காமல் ஓட்டி வந்தான்.

"அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு மாமா!"

தையல்காரர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்போ சைக்கிள்ல கோளாறு இல்ல. நான்தான் குள்ளமாயிட்டேன்."

மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பல நாளுக்குப் பிறகு குரல் இறங்கியிருந்தது. "வயசானா சுருங்கத்தாங்க செய்யும். பருத்தித் துணி சுருங்கலையா? விடுங்க. பஸ்லயே போவோம், நானும் வரேன். பொண்ணு ஒண்ணும் நினைக்க மாட்டா."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார்.

சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, மச்சினன் இடுப்பை இழுத்துவிட்டபடி உள்ளே பார்த்துக் கேட்டான்:

"அக்கா, போன தடவை மழையில நனைஞ்சு வந்து கொடியில போட்டேனே, என் பேண்ட் எங்க? நீ ரெண்டு பேருக்கும் ஒரே கலர்ல எடுத்தியா, அவசரத்துல மாமாவோடதை மாட்டிட்டுப் போயிட்டேன்."