தொலையவே முடியாத நோயாளி

கூட்டத்தில் மேசையைத் தட்டிப் பேசுகிறவர்களை நம்பக்கூடாது. நானும் தட்டியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

அம்புலன்ஸ்களையும் ஆஸ்பத்திரிகளையும் ஒரே வலையமைப்பில் இணைக்க வேண்டும், நோயாளி எங்கே இருக்கிறார் என்பது எல்லோருடைய திரையிலும் தெரிய வேண்டும், அதற்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று திறைசேரியில் வாதாடிய குழுவில் நானும் ஒருவன். "இனி ஒரு நோயாளியும் தொலைய ஏலாது, சேர்" என்று மேசையைத் தட்டினேன். (இதை வீட்டில் ஒரு வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.) பணம் கிடைத்தது. நோயாளியின் கையில் கட்டும் சிப் வைத்த பட்டி, மணிக்கூடு போலக் கழற்றக்கூடியதாக இருந்தால் மலிவு என்று சிபாரிசு செய்ததும் நான்தான்.

அடுத்த வருடம் அப்பாவுக்கு நெஞ்சு வலி. வெள்ளவத்தை வீட்டுக்கு வந்த அம்புலன்ஸிலேயே பட்டி கட்டிவிட்டார்கள். வார்டில் படுத்ததும் அப்பா கையிலும் கழுத்திலும் கிடந்ததையெல்லாம் கழற்றி, கைக்குட்டையில் முடிந்து நீட்டினார்.

"தம்பி, இஞ்ச களவு போயிடும். வைச்சிரு."

பயத்தில் எதையும் பார்க்காமல் பொக்கெட்டில் போட்டுக்கொண்டு பிளேன்டீ வாங்கப் போனேன். திரும்பி வந்தால் கட்டில் காலி. விரிப்பும் இல்லை. தாதியிடம் ஓடினேன்.

"மிஸ், அப்பா எங்க?"

தாதி திரையைப் பார்த்தார். "இந்தக் கவுண்டரடியிலதான் நிக்கிறார்."

அங்கே நான் மட்டும்தான் நின்றேன். எக்ஸ்ரே அறைக்கு ஓடினேன். அங்கிருந்தவரும் திரையைப் பார்த்தார். "இப்பதான் வந்தவர். உங்களோடதான் நிக்கிறார்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. செத்தவர்கள் கொஞ்ச நேரம் பிள்ளையோடு திரிவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். "அப்பா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று சுவரைப் பார்த்து அழுதேன். (எதற்கு மன்னிப்பு என்று இன்றுவரை தெரியாது.)

அழுதபடியே அடுத்த பக்கம் திரும்பினால், இருதயப் பிரிவு வாசலில் தள்ளுவண்டியில் அப்பா கிடந்தார், உயிரோடும் கோபத்தோடும். டொக்டர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ரத்தக் குழாய் அடைச்சுக் கிடக்கு. பட்டி இல்லாம உள்ள எடுக்க விடமாட்டினம். பட்டி எங்க?"

அந்த விதியை எழுதியதும் எங்கள் குழுதான். அப்பா என் பொக்கெட்டைக் காட்டினார்.

"அவனிட்டத்தான் குடுத்தனான்."

கைக்குட்டையை எடுத்து முடிச்சை அவிழ்த்தேன். மோதிரம், சங்கிலி, மணிக்கூடு, பட்டி.

அப்பா பிழைத்துக்கொண்டார். கழற்ற முடியாத பட்டிக்கு மறுபடியும் பணம் கேட்கத் திறைசேரிக்குப் போனபோது நான் மேசையைத் தொடவேயில்லை. ஆனால் இன்றும் வீட்டில் கதவுப் பூட்டின் திறப்போ மூக்குக்கண்ணாடியோ காணாமல் போனால், அப்பா பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொல்வார்:

"முதல்ல அந்த மேசை தட்டினவன்ர பொக்கெட்டைப் பாருங்கோ."