சம்பந்திக்கு, சுக்கினி வடை விஷயமாக

ஆனையூரிலிருந்து நல்லகாமன், நாகமலை புதுக்கோட்டையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர், மரியாதைக்குரிய சம்பந்தி ஆரோக்கியம் அவர்களுக்கு எழுதிக்கொள்வது. இங்கு ஒருத்தியைத் தவிர யாவரும் சுகம். அங்கும் ஒருத்தியைத் தவிர யாவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அந்த இரண்டு பேரைப் பற்றியதுதான் இந்தக் கடிதம்.

முன்பின் பார்த்திராதவன் சம்பந்தி என்கிறானே என்று திகைக்க வேண்டாம். என் மருமகள் இசைவாணியும் உங்கள் மகள் ஜெனிஷாவும் தங்களை அக்கா தங்கச்சி என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். என் மருமகளுக்குத் தங்கச்சி என்றால், அந்தத் தங்கச்சியைப் பெற்றவர் எனக்கு வேறு என்ன முறை? எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தல்லாகுளத்தில் மனு எழுதும் இன்பசேகரன், நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். அவர் முதலில் 'பொருள்: மேற்படி வடை தொடர்பாக' என்று தொடங்கினார். நான்தான் அடிக்கச் சொன்னேன்.

அழகர் ஆற்றில் இறங்காத வருஷம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நோய்க்குப் பயந்து ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருந்தது. என் மகன் சூரியபிரகாஷ் ஓசூரில் மாட்டிக்கொண்டான். வீட்டில் பேச ஆள் இல்லாமல் இசைவாணி போனில் ஒரு சமையல் பக்கம் ஆரம்பித்தாள். முதலில் போட்டது பூசணிக்காய்ப் புளிக்குழம்பு. 'பூசணிக்காய்க்குத் தோல் சீவணுமாக்கா?' என்று அதன் கீழே முதன்முதலாகக் கேட்டது உங்கள் மகள்தான். அன்றைக்குப் பிடித்த பேச்சு, ஒருநாள் விடாமல் நடந்தது. என் வீட்டுக்காரி தங்கப்பொண்ணு போன அன்று, சொந்தக்காரர்கள் வந்து சேருவதற்கு முன்னால் உங்கள் மகள் போனில் அழுதுகொண்டிருந்தாள். உங்களுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது இசைவாணி பாண்டி கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள். மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரர் வீட்டுக்கு இது தெரிய வேண்டாம் என்று சொன்னாள், நான் சொல்லிவிட்டேன், கோபிக்க வேண்டாம். ஆனால் இத்தனை வருஷத்தில் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் நேரில் பார்த்ததில்லை! "ஏம்மா, ஆனையூருக்கும் நாகமலைக்கும் நடுவுல கடலா கெடக்கு? பஸ்ஸு போகுதுல்ல?" என்று கேட்டேன். "அது அப்பிடித்தேன் மாமா, நேர்ல பாத்தா பேச்சு வராது" என்றாள். எனக்கு அப்போதும் புரியவில்லை, இன்பசேகரனுக்கு இப்போதும் புரியவில்லை.

போனிலேயே சமையலுக்கென்று இவர்களுக்கு ஒரு கூட்டம், எட்டுப் பெண்கள். கனடாவில் இருக்கும் பிரியம்வதா என்ற அம்மாள் தலைவி மாதிரி. மாதம் ஒரு நாட்டைச் சொல்லுவார், எட்டு வீட்டிலும் அந்த நாட்டுப் பலகாரம் செய்து படம் போட வேண்டும். இந்த மாதம் கிரீஸ். அது எங்கே இருக்கிறது என்றேன். "மேக்க மாமா, கடலத் தாண்டி." செய்ய வேண்டியது சுக்கினி வடை. காய்கறி மார்க்கெட்டில் எத்தனையோ வருஷம் மூட்டை தூக்கியவன் நான், சுக்கினியைத் தூக்கியதில்லை. பார்த்தால் வெள்ளரிக்காய், வெட்டினால் சுரைக்காய். அதைத் துருவி, உப்புப் போட்டு, தண்ணீரைப் பிழிய வேண்டுமாம். "மாமா, கை வலிக்குது, கொஞ்சம் பிழிஞ்சு குடுங்க" என்றாள். நானும் என் புதுத் துண்டில் மூட்டை கட்டி முறுக்கினேன். துண்டின் கரை சிவப்பு. சுக்கினியும் சிவப்பாகிவிட்டது. மறுபடி இரண்டு காய் துருவினாள். அந்த நாட்டில் ஆட்டுப்பாலில் உப்புக்கட்டி ஒன்று செய்வார்களாம், அதற்குப் பதில் பால் திரித்த பன்னீர்க் கட்டியை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டாள். புரட்டாசி சனிக்கிழமை என்பதால் முட்டை கூடாது என்று நான் சொல்லப்போக, முட்டை சேராத வடை சட்டியில் பிரிந்து, எண்ணெய் முழுக்கக் கீரை மிதந்தது. அந்தச் சதகுப்பைக் கீரையும் உங்கள் தோட்டத்தில் பறித்து உங்கள் மகள் பார்சலில் அனுப்பியது. உங்கள் விலாசம் அந்த அட்டைப்பெட்டியிலிருந்துதான் கிடைத்தது. கடைசியில் உருளைக்கிழங்கை மசித்துச் சேர்த்து ஒருவழியாகச் சுட்டு எடுத்தாள். எடுத்ததும் தின்ன முடியுமா? போட்டோவுக்குத்தான் முதல் பந்தி. என் பந்தி வரும்போது வடை ஆறிவிட்டது. ஒன்றைக் கடித்துவிட்டு, "உப்புக் கூட. நடுவுல வேகல. இதத் தின்னுட்டு அந்த நாட்டுக்காரன் எப்பிடி எந்திரிச்சு நடக்கிறான்?" என்றேன். இசைவாணி சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு வைத்தாள்.

இங்கேதான் நீங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் நல்ல சாப்பாட்டை நல்ல சாப்பாடு என்று வாய்விட்டுச் சொல்லுகிற வழக்கம் கிடையாது. சொன்னால் சமைத்த கைக்குக் கண் பட்டுவிடும். பிள்ளை கன்னத்தில் மைப்பொட்டு வைக்கிற மாதிரி, சாப்பாட்டுக்கு ஒரு குறையை வைத்துவிட வேண்டும். எவ்வளவுக்கு ருசியோ அவ்வளவுக்குக் குறை. தங்கப்பொண்ணு ஒரு தடவை அயிரைமீன் குழம்பு வைத்தாள், நான் தெருவரைக்கும் கேட்கத் திட்டினேன். அவளுக்கு அன்றெல்லாம் ஒரே சந்தோஷம். நான் பேசாமல் சாப்பிட்டு எழுந்தால்தான், "இன்னைக்கு என்ன கெட்டுப்போச்சு?" என்று கவலையோடு கேட்பாள்.

இப்படி இருக்கையில் உங்கள் மகள் சுட்ட வடையின் படம் வந்தது. பொன்னாக இருந்தது, சம்பந்தி. ஓரம் மொறுமொறு என்று நிற்கிறது, பக்கத்தில் பூண்டு போட்ட தயிர். அதன் கீழே ஊர்பேர் தெரியாத சனமெல்லாம் சூப்பர் என்கிறது, அருமை என்கிறது, இதயப் படம் போடுகிறது. இசைவாணி ஒன்றுவிடாமல் வாசித்துக் காட்டினாள். ஒரு தட்டு வடைமேல் இம்புட்டுக் கண்ணா! ஒருத்தராவது குறை சொல்ல வேண்டாமா? தாயில்லாப் பிள்ளை வேறு. இசைவாணி துணி காயப்போட மாடிக்குப் போனாள். போனில் மைக் படத்தைத் தொட்டுப் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் என்று அவளைப் பார்த்துப் பழகியிருந்தேன். தொட்டேன். பேசினேன்:

"ஏம்மா, இது வடையா வறட்டியா? ஓரமெல்லாம் கருகல். தயிரு நீர்மோராட்டம் ஓடுது. இத நாய்க்குப் போட்டா, அது அன்னைக்கே வீட்ட மாத்திப்புடும்."

பக்கத்தில் இருந்த அம்புப் படத்தைத் தொட்டேன். போய்விட்டது. பிள்ளைக்கு நல்லது செய்த நிம்மதியில் படுத்துத் தூங்கினேன்.

அது இசைவாணி பேரில் போயிருக்கிறது என்பது எழுந்தபிறகுதான் தெரிந்தது. ஜெனிஷா கூட்டத்தை விட்டே போய்விட்டாள். கூட்டத்தில் இருக்கும் திருச்சி அம்மாள் ஒருத்தர், 'பொறாமையா இசை?' என்று கேட்டிருக்கிறார். கனடா அம்மாள் கூட்டத்தையே கொஞ்சநாள் மூடிவைப்போம் என்கிறார். இசைவாணி போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, இது நீங்களா?"

"ஆமாம்மா. அந்தப் புள்ளைக்குக் கண்ணுபட்டுறக் கூடாதுல்ல?"

"அவளுக்கு அது தெரியாதுல்ல மாமா!"

நடந்ததை நடந்தபடி உங்கள் மகளுக்கு எழுதினாள். அவள் நம்பவில்லை. எப்படி நம்புவாள்? 'என் மாமனாருக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது, ஆனால் ஐம்பது வருஷத்துச் சாப்பாடும் ஞாபகம் இருக்கும்' என்று இசைவாணியே முன்பு பெருமையாக எழுதிப் போட்டிருக்கிறாள். எழுத்துத் தெரியாத கிழவன்மேல் பழியைப் போடாதே என்று உங்கள் மகள் பதில் அனுப்பினாளாம். அதற்குப்பிறகு பேச்சே இல்லை. இப்போது இங்கே பக்கமும் இல்லை, பலகாரமும் இல்லை, ரசம்தான். நேற்று, "புளி கூட" என்றேன். "சரி மாமா, நாளைக்குக் குறைச்சுக்கிறேன்" என்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. குறையைக் குறையாகவே எடுத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டாள்.

ஆகவே சம்பந்தி, பெரியவர்கள் நாம் பேசித்தான் இதைத் தீர்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பூசை முடித்து வந்தாலும் சரி, நான் அங்கே வந்தாலும் சரி. உங்கள் மகளிடம் எடுத்துச் சொல்லுங்கள். வடை நன்றாக இருந்தது என்று எழுதிவிட்டால் முடிந்துவிடும் என்கிறார் இன்பசேகரன். அதை மட்டும் என்னால் எழுதச் சொல்ல முடியாது. நீங்களாகப் புரிந்துகொள்ளவும்.

எண்ணெய்ச் சட்டி பக்கம் போகும் நம் பிள்ளைகள் கையில் சூடு படாமல் மீனாட்சியும் உங்கள் மாதாவும் பார்த்துக்கொள்ளட்டும். வீட்டில் அனைவருக்கும் என் விசாரிப்பு.

இப்படிக்கு,
நல்லகாமன்
(இடதுகைப் பெருவிரல்)

பின்குறிப்பு: மேலே உள்ளது எதையும் கணக்கில் கொள்ள வேண்டாம். இதைத் தபாலில் போடுமுன் சாப்பிட்டுவிடலாம் என்று வீட்டுக்குப் போனேன். கத்தரிக்காய்க் குழம்பு. பிள்ளை முகம் வாடிக் கிடக்கிறதே, போகட்டும், கண் பட்டாலும் படட்டும் என்று, "ரொம்ப நல்லாருக்கும்மா" என்றேன். கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

"மாமா! நெஞ்சு வலிக்குதா?"

"இல்லம்மா, நெசமாத்தேன் சொல்றேன். பிரமாதம்."

அலறிவிட்டாள். ஆட்டோ, ஆஸ்பத்திரி, நெஞ்செல்லாம் வயர். சூரியபிரகாஷ் போனை எடுக்கவில்லை. அடுத்து அவள் விரல் தானாகப் போன நம்பர் உங்கள் மகளுடையது. டாக்டர் வருவதற்கு முன்னால் ஸ்கூட்டரில் வந்து நின்றாள் ஜெனிஷா, கையில் காய்ந்த மாவோடு. இத்தனை வருஷத்தில் முதல்தடவை நேருக்கு நேர்.

"அக்கா, மாமாவுக்கு என்னாச்சு?"

"சாப்பாடு நல்லாருக்குன்னு சொல்லிட்டாருடி!"

"யேசப்பா! அப்ப நீ எழுதுனதெல்லாம் நெசந்தானாக்கா?" என்று கட்டிக்கொண்டு இரண்டு பேரும் அழுத அழுகையில், டாக்டர் நான் போய்விட்டேன் என்றே நினைத்துவிட்டார். எனக்கு ஒன்றும் இல்லையாம். என்ன நோய் என்று சீட்டில் எழுதுவது என்றுதான் அவருக்குக் குழப்பம்.

இதை எழுத இன்பசேகரனை ஆஸ்பத்திரிக்கே வரவழைத்தேன். நீங்கள் வரவும் வேண்டாம், மகளைக் கண்டிக்கவும் வேண்டாம். அவளுக்கு இன்று எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. கடிதத்தை அவள் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். பிரித்துப் படிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள், இப்போது இன்பசேகரன் தோள்வழியாகப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

கட்டிலில் படுத்தபடி யோசித்துப் பார்த்தேன். என் வாயிலிருந்து ஒரு நல்ல சொல் வந்தால் பதறிப்போகிறவர்கள் நாலு பேர் இருந்தார்கள். என் அம்மா போய்விட்டாள். அண்ணன் அன்னக்கொடி போய்விட்டார். தங்கப்பொண்ணு போய்விட்டாள். இன்றைக்கு உயிரோடு மிச்சம் இருப்பவள், சம்பந்தி, இசைவாணி ஒருத்திதான்.