காணாமல் போன மஞ்சள்

கையேடு எழுத்தாளர் ஐந்தாவது தடவையாக அந்த வரியைக் காப்பி செய்தார். திரையில் ஒன்றுமே மின்னவில்லை.

அவருடைய கம்ப்யூட்டர் எடிட்டரில் எதைக் காப்பி செய்தாலும், அந்த வரி கண் சிமிட்டும் நேரத்துக்கு மஞ்சளாக மின்னும். 'எடுத்துக்கொண்டேன், கவலைப்படாதே' என்று அர்த்தம். அந்த மஞ்சளை நம்பித்தான் பதினோரு வருடமாக மிக்சிக்கும் மின்விசிறிக்கும் கையேடு எழுதி வந்தார். இன்று வாஷிங் மெஷின். நாலு மணிக்குள் அச்சகத்துக்குப் போகாவிட்டால் அடுத்த கையேடு வேறு ஆளுக்கு என்று மேனேஜர் ரொம்ப இனிமையாகச் சொல்லியிருந்தார்.

மற்றபடி அருமையான நாள். காலையில் ஜன்னலைத் திறந்தபோதே உலகம் இளவெயிலில் குளித்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. மனைவியின் முகத்தைப் பார்த்து, இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக, "இன்னிக்கு நீ தங்கமா மின்னுற" என்று வேறு சொல்லிவிட்டார். அதிலிருந்து அந்த அம்மாள் தரையில் நடக்கவே இல்லை. பாட்டு முணுமுணுத்தபடி மிதந்துகொண்டிருந்தாள்.

மாமியார்தான் சரியில்லை. கண் ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம். கண்ணாடி போட்டும் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று காலையிலிருந்து ஒவ்வொரு திரைச்சீலையாக இழுத்து மூடிக்கொண்டிருந்தார்.

மஞ்சள் வராததால், காப்பி ஆனதா என்று பார்க்க ஒருமுறை பேஸ்ட் செய்தார். ஆகியிருந்தது. அடுத்த வரிக்கும் சந்தேகம், அதற்கும் ஒரு பேஸ்ட். மதியத்துக்குள் 'துணியை உள்ளே போடவும்' பதினேழு இடத்தில் வந்துவிட்டது. கையேட்டின்படி நடப்பவர் அன்று முழுக்கத் துணி போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் மச்சானுக்குப் போன் போட்டார். அவன் தன் கடையிலிருந்தே இவர் திரைக்குள் நுழைந்து, மஞ்சள் நிற்கும் நேரத்தைப் பத்து நொடியாக நீட்டினான்.

"இப்ப நல்லா தெரியுதே அத்தான்."

"உனக்குத் தெரியுதா? என் வீட்டு மஞ்சள் உன் கடைக்கு எப்படிடா வந்துச்சு?"

இனி ஒவ்வொரு வரிக்கும் பத்து நொடி முறைத்துப் பார்ப்பது, பிறகு நம்பிக்கையில்லாமல் பேஸ்ட் செய்வது என்றாயிற்று. கையேடு அறுபது பக்கத்தைத் தாண்டியது. மானிட்டர்தான் கோளாறு என்றான் மச்சான். உடனே ஹாலிலிருந்த டி.வி.யைக் கழற்றி வந்து மாட்டினார். ஒவ்வொரு எழுத்தும் தலையணை சைஸுக்குத் தெரிந்தது. மஞ்சள் மட்டும் இல்லை. சீரியலைப் பறிகொடுத்த மாமியார், கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு டி.வி.யைத் தேடி அறைக்கே வந்துவிட்டார்.

மணி மூன்றேகால். வேறொரு நாளாக இருந்தால் மனைவி, "நல்லா வேணும்" என்று போயிருப்பாள். இன்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "தள்ளுங்க, நான் பாத்துக்கறேன்" என்று வரி வரியாகப் படித்து, வேண்டாததையெல்லாம் அழித்தாள். மூன்று ஐம்பத்தாறுக்குக் கையேடு பறந்தது. பிரமாதம் என்று மேனேஜர் பதில் போட்டார்.

கையேடு எழுத்தாளர் நிம்மதியாகச் சாய்ந்தார். "எல்லாம் சரி. ஆனா இது மட்டும் வரல பாரு" என்று கடைசியாக ஒரு வரியைக் காப்பி செய்தார்.

"வருதே. பளிச்சுனு மஞ்சளா நிக்குது" என்றாள் மனைவி.

மாமியார் மருமகனை உற்றுப் பார்த்தார். பிறகு தன் கண்ணாடியைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று ஒரே கடையில் அவருக்கும் மருமகனுக்கும் எடுத்த ஒரே மாதிரி ஃபிரேம்.

"ஏண்டி, காலையில உன் புருஷன் நீ தங்கமா மின்னுறேன்னு சொன்னாரே, அது டாக்டர் எனக்கு எழுதிக் குடுத்த மஞ்சக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுச் சொன்னது."