வாசலில் சிறுத்தைத் தடம்

மாமியாரை ஊருக்கு அனுப்பிவிடுவது என்று அன்று காலை முடிவு செய்தேன். சண்டை வேண்டாம், சச்சரவு வேண்டாம். என் அறிவு ஒன்றே போதும்.

சாதாரண அறிவா அது? காப்பி எஸ்டேட்டில் நான் ரைட்டர். ஆள் கணக்கு எழுதுவது பிழைப்புக்கு. மிருகம், பறவை, செடிகொடி எதுவானாலும் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் சொல்வது பெருமைக்கு. ஏற்காட்டு மலையில் இதில் என்னை விட்டால் ஆள் கிடையாது. எங்கள் துரையே ஒருநாள், "ரைட்டர், நீ சொல்கிற பறவையை இந்த உலகத்தில் இதுவரை யாருமே பார்த்ததில்லை!" என்று வியந்துபோனார்.

இறகு, பாம்புச் சட்டை, முள்ளம்பன்றி முள், காய்ந்த இலைகள் என்று என் சேகரிப்பு முழுவதும் வீட்டு உள்ளறையில் இருந்தது. காப்பிப் பூ பார்க்கவென்று அடிவாரத்திலிருந்து மாமியார் வந்தார். அறை அவருக்குப் போயிற்று. சேகரிப்பு விறகுக் கொட்டகைக்குப் போயிற்று. பூ உதிர்ந்தது, காய் பிடித்தது, பழம் சிவந்தது. மாமியார் மட்டும் அசையவில்லை. எனக்கு என் அறை வேண்டும்!

வாசல் ஈரமண்ணில் கையை மடக்கி ஓர் அழுத்து. விரல் நுனியால் முன்னே நான்கு குத்து. அசல் சிறுத்தைத் தடம்! வீட்டைச் சுற்றி ஒரு குடும்பமே நடந்துபோன மாதிரி பதித்துவிட்டுக் கூவினேன்.

"சென்னம்மா! வெளிய வராத புள்ள! சிறுத்தை!"

என் மனைவி உடனே வெளியே வந்தாள்.

"ஏனுங்க, நெசமாலுமே சிறுத்தைங்களா?"

"பின்ன? பொட்டச் சிறுத்தை. வயசு மூணு. நொம்பப் பசியோட போயிருக்குது."

"பசின்னு எப்படிங்க தெரியும்?"

"நடையிலயே தெரியுதே! வயசானவங்கன்னா அதுக்குக் கொள்ளைப் பிரியம். உங்கம்மாவ இன்னைக்கே ஊருக்கு அனுப்பிரு. அவங்க உசுரு முக்கியம்."

சென்னம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் மனசுக்குள் துள்ளினேன்.

"நல்லவேளை சொன்னீங்க. அம்மா இன்னைக்குப் பொறப்படறதாத்தான் மூட்டை கட்டி வெச்சிருக்காங்க."

"என்னது!"

"ஆமாங்க. பசிச்ச சிறுத்தை திரியற காட்டு வழியில எப்படிங்க அனுப்பறது? அது செத்தப்புறம் போகட்டும்."

மூன்று வயதுச் சிறுத்தை! இன்னும் பத்து வருஷம் கல்லுக்குண்டாட்டம் இருக்குமே! வயதை நானே வாய்கொழுத்துக் குறைத்துச் சொல்லித் தொலைத்திருந்தேன். சட்டென்று மண்டியிட்டுக் குனிந்தேன்.

"இரு, இரு. அட! இது நாய்!"

"நல்லாப் பாருங்க."

"ஆளுங்க குடியிருக்கற லைன்ல திரியுமே, அந்த நாய்தான். சந்தேகமே இல்ல."

"சேர்வராயசாமி மேல சத்தியமா?"

"சத்தியமா நாய்!"

சாமி மன்னிப்பார் என்ற தைரியம்தான். சென்னம்மாள் வீட்டுக்குள் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"அம்மா, கேட்டீங்களா? நாய்க்கும் சிறுத்தைக்கும் வித்தியாசம் தெரியாத மனுசன்! நாளைக்கு நெசச் சிறுத்தை வந்தா, நாயின்னு கூப்புட்டுச் சோறு வெப்பாரு. இவர நம்பியா என்னை இந்தக் காட்டுல உட்டுட்டுப் போறீங்க?"

மாமியார் மூட்டையோடு வாசலுக்கு வந்தார். தடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மூட்டையைக் கீழே வைத்தார்.

"எப்படிக் கண்ணு போவேன்? நான் இங்கயே இருந்துக்கறேன். ஊட்டுல நிக்கற என் எருமைய ஓட்டியாரச் சொல்லி ஊருக்கு ஆளனுப்பு. விறகுக் கொட்டாயில கட்டிக்கலாம்."

என் காய்ந்த இலைகளுக்காக வாதாட வாயைத் திறந்தேன். சென்னம்மாள் அருகில் வந்து, அம்மாவுக்குக் கேட்காமல் மெதுவாகச் சொன்னாள்:

"ஏனுங்க சிறுத்தை, நகத்துல சேறு ஒட்டியிருக்குது. கழுவிட்டுச் சாப்பிட வாங்க."