ஓட்டுப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்த சாமி

அந்த வாரம் கீரமங்கலம் சந்தையில் கத்திரிக்காய் வாங்க ஆளில்லை. மாட்டின் வாயைப் பிளந்து பல் பார்க்க ஆளில்லை. கருவாட்டுக்காரி சொர்ணவல்லிகூடக் கூடையைக் காக்கைகளின் பொறுப்பில் விட்டுவிட்டுப் புளியமரத்தடிக்கு ஓடினாள். அங்கே பெட்டிச் சாமி வந்திறங்கியிருந்தார்.

பெட்டிச் சாமிக்கு எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. இமயமலை என்றார் ஒருவர். கொல்லிமலைக் குகை என்றார் இன்னொருவர். வந்து இறங்கியதென்னவோ அரிசி ஆலை ரெங்கராஜின் பிளஷர் காரில். இமயமலையிலிருந்து வருகிறவர்கள் அரிசி ஆலை வழியாகத்தான் வரவேண்டும் போலிருக்கிறது.

சாமியின் மகிமை இதுதான். மரத்தடியில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். பக்தர்கள் எதை வேண்டுமானாலும் அதற்குள் வைத்து மூடலாம். சாமி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கண்ணில் வேப்பிலை, அதன்மேல் மஞ்சள் துணியால் ஏழு சுற்று. வைக்கிற பொருளை முனியசாமி என்கிற உடுக்கைக்காரனிடம் மட்டும் காட்டிவிட்டு வைக்கவேண்டும். ஏனென்றால் ஆத்தாவுக்கு ஒரு சாட்சி வேண்டுமாம். உலகத்தையே படைத்த ஆத்தாவுக்கு முனியசாமி சாட்சி! முனியசாமி உடுக்கையை அடிப்பான். சாமிக்கு உடம்பு ஆடும். ஆடி அடங்கும்போது, "எலுமிச்சம்பழம்!" என்று கத்துவார். பெட்டியைத் திறந்தால் எலுமிச்சம்பழம்தான் இருக்கும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

அரிமளத்திலிருந்து வந்த ஒரு வாத்தியார், சாமியைச் சோதிக்கிறேன் என்று கால் செருப்பைக் கழற்றி உள்ளே வைத்தார். உடுக்கை முழங்கியது. "செருப்பு! ஆத்தா பெட்டியில செருப்பு!" என்று சாமி துள்ளினார். வாத்தியாரின் இன்னொரு செருப்பைப் பக்தர்களே எடுத்து வாத்தியாருக்கே பயன்படுத்தினார்கள். அன்று முதல் சாமியின் புகழ் வல்லத்திராக்கோட்டை வரைக்கும் பரவிவிட்டது.

இதோடு நின்றிருந்தால் ஊருக்கு ஒரு வேடிக்கை என்று விட்டுவிடலாம். ஆனால் அது ஐம்பத்தேழாம் வருஷம். தேர்தலுக்கு மூன்று வாரம் இருந்தது. அப்போதெல்லாம் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு தனிப் பெட்டி. பெட்டிமேல் அவருடைய சின்னம் ஒட்டியிருக்கும். மறைவுக்குள் போய், பிடித்தவர் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வரவேண்டும். ரெங்கராஜின் சின்னம் தராசு. அவருடைய ஆலைத் தராசை அறிந்தவர்கள் அதைக் கண்டதும் சிரித்தார்கள். சாமி வந்த பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

"இந்தப் பெட்டிக்குள்ள இருக்கறது ஆத்தாவுக்குத் தெரியுதுல்ல? ஓட்டுப் பெட்டிக்குள்ள இருக்கறதும் தெரியும்டா!" என்று சாமி ஒவ்வொரு நாளும் ஆட்டம் முடிந்ததும் முழங்கினார். "தராசுப் பெட்டியில போட்டவன் குடும்பம் தழைக்கும். வேற பெட்டியில போட்டவன் வீட்டுல ஆத்தா முத்து எறைப்பா!"

முத்து என்றால் கழுத்தில் போடுகிற முத்து இல்லை. அம்மை. கூட்டத்திலிருந்த பெண்கள் பிள்ளைகளை இடுப்போடு இறுக்கிக்கொண்டார்கள்.

கூட்டத்தின் கடைசியில், ஒரு பழைய சைக்கிளைப் பிடித்தபடி இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் ஹவில்தார் சோலையப்பன். பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் ஆறு வருஷம் இருந்தவர். பர்மாக் காட்டில் முழங்கால் சேற்றில் உட்கார்ந்துகொண்டு கட்டை ஒலியும் நெட்டை ஒலியுமாகத் தந்தி அனுப்பியவர். ஊர் திரும்பியவர் வயலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அம்மை குத்த ஆளில்லாத ஊரில், பிரசவத்துக்கு வண்டி கட்டிப் பதினாறு மைல் போகிற ஊரில், அவரால் சும்மா இருக்க முடியவில்லை. ஓர் ஆஸ்பத்திரி வேண்டும் என்று பத்து வருஷம் மனுப் போட்டார். மனுவை வாங்கியவர்கள் எல்லாரும் மரியாதையாக வாங்கினார்கள். அவ்வளவுதான். கடைசியில் சட்டசபைக்குத் தானே போய்க் கேட்பது என்று சுயேச்சையாக நின்றுவிட்டார். சின்னம் சைக்கிள். பிரசார வண்டியும் அதுதான். சைக்கிள் கடை மீரா சாகிபு தகரக் குழாய் ஒன்று கொடுத்திருந்தார். சோலையப்பன் மிதிப்பார். மீரா சாகிபு பின்னால் உட்கார்ந்து கத்துவார். தொகுதியிலேயே மிக மலிவான பிரசாரம்.

அன்று மத்தியானம் வீட்டில் சோறு போட்டுக்கொண்டே மனைவி ராக்காயி சொன்னாள்.

"நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. ஒங்க பெட்டியில நான் போட மாட்டேன்."

சோலையப்பன் பிசைந்த கையை நிறுத்தினார். "என்ன சொல்ற?"

"தராசுல போடப் போறேன்."

"ஊரு போடாட்டியும் பொண்டாட்டி ஓட்டு ஒண்ணு இருக்குன்னு நெனச்சேனே ராக்காயி! அந்தப் பய பித்தலாட்டக்காரன்."

"இருக்கட்டும். ஒருவேளை இல்லாட்டி?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். அவள் விடவில்லை.

"மூத்தவ அழகம்மாவுக்கு அம்மை போட்டப்ப நீங்க பர்மாவுல இருந்தீங்க. பதினாலு நாளு வேப்பிலையில போட்டு, விசிறிக்கிட்டு, ஒத்தையில கெடந்தேன். என்ன குத்தம் செஞ்சேன்னு அன்னைக்கும் தெரியல, இன்னைக்கும் தெரியல. இப்ப ஒருத்தன் இதைச் செஞ்சா வரும், இதைச் செஞ்சா வராதுன்னு சொல்றான். மிச்சம் இருக்கறது பொன்னுத்தாயி ஒருத்திதாங்க. ஒங்க ஆஸ்பத்திரிக்காக அவளைப் பணயம் வச்சுப் பாக்கச் சொல்றீங்களா?"

சோலையப்பன் தட்டைத் தள்ளினார். மேடையில் பேச ஆயிரம் நியாயம் வைத்திருந்தார். இதற்கு ஒன்றுகூட இல்லை. அவள் முட்டாள் இல்லை என்பது அவருக்குத் தெரியும். பயந்தவள். அந்தப் பயத்தைத்தான் ரெங்கராஜ் காரில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோகிறார். கோபம் வந்தது. கோபத்தில் எழுந்து கை கழுவியவர், பிரசாரத்துக்குப் போகவில்லை. சாமி அடுத்து முகாம் போட்டிருந்த வல்லத்திராக்கோட்டைக்குச் சைக்கிளை மிதித்தார்.

அங்கே எல்லாரும் சாமியைப் பார்த்தார்கள். சோலையப்பன் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு காதால் மட்டும் கேட்டார்.

டும் டும். சிறு ஓய்வு. டும்.

"எலுமிச்சம்பழம்!"

கொஞ்ச நேரம் கழித்து, டும். ஓய்வு. டும் டும் டும்.

"முட்டை!"

சோலையப்பன் கண்ணைத் திறந்தார். பர்மாவை விட்டு வந்து பதினோரு வருஷம் ஆகியும் காது ஓய்வு பெறவில்லை. சட்டைப்பையிலிருந்த தேர்தல் நோட்டீசின் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்தார். மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும் போனார். மூன்றாம் நாள் ஒரு விடலைப்பயல் வாத்தியாரைப் போலவே செருப்பு வைத்து உதை வாங்கினான். அவனுக்காக வருத்தப்பட்டுக்கொண்டே அதையும் குறித்துக்கொண்டார்.

"பாய், ஆத்தா தந்தி ஆபீஸ் நடத்துறா," என்று சைக்கிள் கடையில் வந்து சொன்னார்.

மீரா சாகிபு நோட்டீசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அட படுபாவிகளா! குழாயை எடுங்க ஹவில்தார், இப்பவே ஊரெல்லாம் சொல்லிப்புடுவோம்."

"சொன்னா எவன் நம்புவான்? நான் ஓட்டுக் கேக்குற ஆளு. பொறாமையில பேசுறேம்பான். அவங்க கண்ணாலயே பாக்கணும், பாய். முக்கியமா எம் பொண்டாட்டி பாக்கணும்."

அடுத்த சந்தை நாள். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. ரெங்கராஜ் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சாமியை அவர்தான் பிடித்துவந்தார் என்றாலும், அந்த வித்தை எப்படி நடக்கிறது என்று அவருக்கே தெரியாது. பாதி நம்பிக்கையும் இருந்தது. சாமி வரும்போது துண்டை இடுப்பில் கட்டிக்கொள்வார்.

சோலையப்பன் தட்டில் தேங்காய் பழத்தோடு, மனைவியை அழைத்துக்கொண்டு முன்னால் வந்தார். கூட்டம் சலசலத்தது. ரெங்கராஜின் முகம் மலர்ந்தது.

"வாங்க வாங்க ஹவில்தார்! கடைசியில ஆத்தா காலடிக்கு வந்துட்டீங்க!"

"வந்துட்டேங்க. எங்க குடும்பத்துக் காணிக்கையையும் சாமி பாத்துச் சொல்லணும்."

சாமிக்கும் மனசு குளிர்ந்துபோயிற்று. எதிர் வேட்பாளரே வந்து விழுந்தால் தேர்தல் எதற்கு? ஏழு சுற்றையும் இறுக்கிக் கட்டச் சொல்லி, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

"பெட்டியைத் தொற, ராக்காயி," என்றார் சோலையப்பன் மெதுவாக.

ராக்காயி திறந்தாள். உள்ளே ஒன்றுமில்லை. அவர் ஜாடை காட்டியபடி, அந்தக் காலிப் பெட்டியைச் சாய்த்துக் கூட்டத்துக்கு நாலாபக்கமும் காட்டினாள். அப்படியே மூடினாள். சோலையப்பன் உதட்டில் விரலை வைத்து எல்லாரையும் பார்த்தார். என்னவோ புதுப் பூஜை என்று நினைத்துக் கூட்டமும் வாயைப் பொத்தியது. நம் மக்களுக்குப் பூஜை என்றால் போதும், என்ன ஏது என்று கேட்கமாட்டார்கள். அன்றைக்கு அதுவும் நல்லதாகப் போயிற்று.

அதற்குள் மீரா சாகிபு முனியசாமியின் தோளில் கையைப் போட்டிருந்தார். கோணிய சைக்கிள் சக்கரத்தை வெறுங்கையால் நிமிர்த்துகிற கை அது. முனியசாமி வாய் திறக்கவில்லை. உடுக்கை அவன் கையிலிருந்து சோலையப்பன் கைக்கு வந்தது.

டும் டும். ஓய்வு. டும்.

சாமி ஆடினார். "மஞ்சளாத் தெரியுது... வட்டமாத் தெரியுது... எலுமிச்சம்பழம்!"

கூட்டம் பெட்டியைப் பார்த்தது. ஒருவரையொருவர் பார்த்தது.

"சாமி, நல்லாப் பாருங்க. வேற மாதிரி இருக்கே," என்றார் சோலையப்பன் பணிவாக.

டும். ஓய்வு. டும் டும் டும்.

"ஆத்தா வெளையாடுறாடா! முட்டை! வெள்ளை முட்டை!"

எங்கோ ஒரு சிரிப்பு வெடித்து அடங்கியது. ரெங்கராஜ் இடுப்பில் கட்டிய துண்டை அவிழ்ப்பதா வேண்டாமா என்று புரியாமல் வாயைப் பிளந்துகொண்டிருந்தார். சோலையப்பன் மூன்றாவது முறை அடித்தார். மூன்று வேகமான அடி, ஓய்வு, மறுபடியும் மூன்று.

சாமி எகிறிக் குதித்தார். "செருப்பு! ஆத்தா பெட்டியில செருப்பு வச்ச பாவி எவன்டா? அவன் குடும்பத்துல முத்து எறைக்குறேன் பாருடா!" என்று கத்திக்கொண்டே மஞ்சள் துணியைப் பிய்த்தெறிந்து திரும்பினார்.

உடுக்கை ஹவில்தார் கையில் இருந்தது. பெட்டியை ராக்காயி திறந்து, தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்திருந்தாள். அதிலிருந்து ஒரு தூசிகூட விழவில்லை.

முதலில் சிரித்தவள் கருவாட்டுக்காரி சொர்ணவல்லி. பிறகு சந்தையே சிரித்தது. ராக்காயி சிரிக்கவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சாமிக்கு நேராகப் போய் நின்றாள்.

"ஏஞ்சாமி, பக்கத்துல இருக்கற பெட்டி காலியா இருக்கறதே ஒங்களுக்குத் தெரியலையே. நான் படுதாவுக்குப் பின்னால எங்கிட்டுப் போடுவேன்னு எப்பிடிங்க தெரியும்?" அவள் இன்னும் ஓரடி முன்னால் வைத்தாள். "ஒரு வாரமா எம் மகளைத் தூங்கவிடாம நெத்தியத் தொட்டுத் தொட்டுப் பாத்தேனே, அது எதுக்குங்க?"

ஆத்தா போன இடம் தெரியவில்லை. சாமியின் உடம்பிலிருந்து ஒரு சாதாரண ஆள் வெளியே வந்தான்.

"அடிச்சுப்புடாதீங்கய்யா! எம் பேரு ராமுங்க. நாடகக் கொட்டாயில எடவேளையில வித்தை காட்டுனவன். முதலாளிதான் கூட்டிட்டு வந்தாரு!"

"நானும் ஏமாந்துட்டேன்யா!" என்று ரெங்கராஜ் எழுந்தார். அதை யாரும் மறுக்கவில்லை. பிளஷர் கார் கிளம்பும்போது ராமு ஏறவும் இடம் தரவில்லை.

கூட்டம் கையை ஓங்கிக்கொண்டு ராமுவை நெருங்கியது. சோலையப்பன் குறுக்கே நின்றார். "கையை எறக்குங்க. நேத்து வரைக்கும் இவன் கால்ல விழுந்தது யாரு? இவனை அடிச்சு வெரட்டிட்டா அடுத்த சந்தைக்கு வேற ஒருத்தன் வேற பெட்டியோட வருவான். அப்பவும் விழுவீங்க. மொதல்ல பெட்டியைத் தொறந்து பாக்கப் பழகுங்கய்யா."

தேர்தலன்று ஓட்டுப் போட்டுவிட்டு வந்த ராக்காயியிடம், "எந்தப் பெட்டியில போட்ட?" என்று சோலையப்பன் ஆசையாகக் கேட்டார்.

"அது ரகசியம்னு மேடைக்கு மேடை நீங்கதானே பேசுனீங்க? சொல்ல முடியாது, போங்க," என்றாள். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்து அவர் பார்த்தார்.

முடிவு வந்தது. ரெங்கராஜுக்கு டெபாசிட் போயிற்று. சோலையப்பன் இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தோற்றார். பட்டணத்து வக்கீல் ஒருவர் ஜெயித்தார்.

மறுநாள் காலையில் சோலையப்பன் கதவைத் திறந்தபோது வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ஆறுதல் சொல்ல வந்திருக்கிறார்கள் என்று அவருக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. பிறகுதான் ஆளுக்கு ஒரு எலுமிச்சம்பழம் கையில் இருப்பதைப் பார்த்தார்.

முன்னால் நின்ற மலையாண்டி கும்பிட்டார். "மாப்ள, பெட்டிச் சாமி பொய்தான். ஒத்துக்கிடுறோம். ஆனா அவன் வாயிலேருந்து நெனச்சதையெல்லாம் வரவழைச்சியே, அது ஒங் கையில இருக்கற ஆத்தா! எம் மாடு காணாமப் போயி நாலு நாளாச்சு. உடுக்கையை எடுத்து ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லு."

சோலையப்பன் எலுமிச்சம்பழத்தையும் மலையாண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "மாமா, எனக்கு ஓட்டுப் போட்டீங்களா?"

"அது எப்பிடி மாப்ள? இம்புட்டுத் தெய்வசக்தி உள்ள ஆளு மெட்ராசுக்குப் போயிட்டா எங்களுக்கு யாரு குறி சொல்லுவா? அதான் வக்கீல் பெட்டியில போட்டுப்புட்டோம்."

சோலையப்பன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பர்மாவில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோதுகூட அவர் அப்படி உட்கார்ந்ததில்லை. உள்ளேயிருந்து ராக்காயி விளக்குமாற்றோடு வந்தாள்.

"பெரியப்பா, உடுக்கை வெறும் தோலு. தட்டுனாச் சத்தம் வரும், வேற ஒண்ணும் வராது. அதே மாதிரி ஒங்க மண்டையையும் ஒரு தடவ தட்டிப் பாருங்க. உள்ள ஏதாச்சும் இருந்தா, மாடு எங்கிட்டுப் போச்சுன்னு அதுவே சொல்லும்."