அரக்கு உருகாத நாடு

நுண்புரி என்றொரு நாடு இருந்தது. ஊசிமுனையில் அடங்கிவிடும். அங்கே தினமும் காலையில் ஓர் அவசரகால அதிகாரியை நியமிப்பார்கள். மதியத்துக்குள் பதவியைப் பறித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் முன்னோர் விவரமானவர்கள். வெளிக்காற்று வந்தால் விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் அரக்கு உருகும். அந்த அரக்கால் அங்கியில் முத்திரை விழுந்தால் அதிகாரி போயாக வேண்டும். காற்று நின்ற நாளில் மட்டும் முத்திரை விழாது. அன்று அவர் அரண்மனைக்குள் நுழைந்து, பூட்டிக் கிடக்கும் ஏடுகளைத் திறந்து, படியெடுத்து நாடெங்கும் அனுப்பலாம்.

ஒருநாள் காற்று நின்றது. அன்றைய அதிகாரி வல்லபராயர் உள்ளே போனார். புதுக் காற்றுவாய்க்கால் வெட்டச் சொன்னது ஓர் ஏடு; அடுப்பு மூட்டாமல் கூழைப் புளிக்கவைத்துப் பசியாறச் சொன்னது இன்னொன்று. நாடு பிழைத்தது. அதை மறுப்பதற்கில்லை.

மூன்றாம் வாரம் காற்று திரும்பியது. வல்லபராயர் வெளியே வரவில்லை.

"காற்று வந்துவிட்டது என்பது வதந்தி," என்று சபையில் அறிவித்தார். "அரக்கு உருகியிருந்தால் நானே அங்கியை நீட்டியிருப்பேன். உருகியதா, முத்திரை அதிகாரியாரே?"

முத்திரை அதிகாரி தரையைப் பார்த்தார். "இன்னும் உருகலைங்க."

அடுத்த வாரம் சூளைத்தெருக் காற்றுவாய்க்காலை வல்லபராயர் வாசலுக்குத் திருப்பிவிட்டார்கள். ஆழமாக மூச்சு விடுவது வதந்தி பரப்பும் குற்றம் என்று சட்டம் வந்தது. புளித்த கூழின் கழிவில் மண்ணும் புளித்தது.

ஒரு மதியம் சூளைத்தெரு செண்பகவல்லி, உதடு நீலம் பாரித்த கைக்குழந்தையோடு அவர் வாசலில் வந்து நின்றாள்.

"ஐயா, காத்து வந்துருச்சின்னு நீங்க ஒரு வார்த்தை எழுதினா எங்க வாய்க்காலைத் திருப்பி விட்ருவாங்க."

"இன்னும் வரலையேம்மா."

அவர் முதுகுக்குப் பின்னால் விளக்கு நிமிர்ந்து எரிந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

"சரிங்கய்யா. புள்ளைய மட்டும் செத்த நேரம் இங்கன வச்சிருக்கட்டுங்களா?"

சட்டம் இடம் கொடுக்காது என்று சொல்லி அவர் கதவைச் சாத்தினார்.

சாத்தியவன் நான்தான். 'அவர், அவர்' என்று இவ்வளவு தூரம் எழுதியது வெட்கத்தால். குழந்தை என்ன ஆனது என்று இன்றுவரை நான் விசாரிக்கவில்லை.

இன்று காலையும் அரக்கு உருகவில்லை என்று எழுதி, உறையிலிட்டு, அரக்கு வைத்து முத்திரையிட்டுச் சபைக்கு அனுப்பினேன். எல்லோர் முன்னிலையிலும் முத்திரையை உடைத்துப் படித்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை.